மலையகத்தில் வீட்டுக்கல்வி: எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தொடக்கூடாது

பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிப்பிக்கலாமா? இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இளம் பெற்றோர் இப்போது இதைக் கேட்கிறார்கள். புத்தக அலுமாரியும் தோட்டமும் சிரித்த முகமுமாக வெளிநாட்டுக் குடும்பங்கள் வெளியிடும் காணொளிகள் ஒரு காரணம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகவும், 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளாலும் பாடசாலைகள் மூடப்பட்டது இன்னொரு காரணம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒன்பது வயதுப் பிள்ளையை வகுப்பிலிருந்து டியூஷனுக்கும் டியூஷனிலிருந்து மாதிரி வினாத்தாளுக்கும் இழுத்துக்கொண்டு திரியும் சலிப்பு மூன்றாவது காரணம். மூன்றும் நியாயமானவையே.

ஆனால் கேள்விக்குள் பல விடயங்கள் கலந்து கிடக்கின்றன. வீட்டுக்கல்விக்காரர்களின் முறைகளில் பெரும்பகுதி மலையகத்துக்கு நன்றாகப் பொருந்தும். பாடசாலையை விட்டு விலகுவது மட்டும் பொருந்தாது, அது ஆபத்தும்கூட. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரே பெயரில் மூன்று விடயங்கள்

1. முழு வீட்டுக்கல்வி. பிள்ளை எந்தப் பாடசாலையிலும் சேர்க்கப்படுவதில்லை. பாடத்திட்டம், நேரம், மதிப்பீடு எல்லாம் பெற்றோரின் பொறுப்பு. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பாடசாலையில் அல்லது வேறு வழியில் பிள்ளைக்குத் தகுந்த கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. அந்த 'வேறு வழி'க்குள் வீட்டுக்கல்வி அடங்கும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அது சட்டபூர்வமானது. ஜெர்மனியில் அநேகமாக அறவே இடமில்லை.

2. தொலைக்கல்வி. பிள்ளை ஒரு பாடசாலையின் மாணவர்தான். பாடம் மட்டும் ஜூம் வழியாகவோ வாட்ஸ்அப் வழியாகவோ வீட்டுக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் நடந்தது இதுவே. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளையும், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி என்றிருந்த வீடுகளையும் நினைத்து 'வீட்டுக்கல்வி தோற்றுவிட்டது' என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே தோற்றது தொலைக்கல்விக்குத் தேவையான வசதிதான்.

3. வீட்டுக் கற்றல். பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. மிச்ச நேரத்தில் வீடு, பாடசாலையின் நகலாக இல்லாமல், வாசிப்பும் பேச்சும் கைவேலையும் நிறைந்த இடமாக இருக்கிறது.

காணொளிகளில் நம்மை ஈர்ப்பது பெரும்பாலும் மூன்றாவது. அதற்குப் பாடசாலையிலிருந்து பெயர் வெட்ட வேண்டியதில்லை.

இலங்கைச் சட்டம் சொல்வது

இலங்கையின் கல்விச் சட்டத்துக்கு அடிப்படை 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997இல் வெளியான ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் மேல் வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. பொறுப்பு பெற்றோர் மீது சுமத்தப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் உள்ளூராட்சி அமைப்புகள் வீட்டுக்கல்விக் குடும்பங்களுடன் தொடர்பு வைத்து விசாரிப்பதுபோன்ற ஒழுங்கு இங்கே இல்லை. ஆகவே தரம் 3 படிக்கும் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு, விசாரிக்க வரும் அதிகாரியிடம் காணொளியைக் காட்ட முடியாது. யாருக்காவது உண்மையாகவே விலக்குத் தேவைப்பட்டால், வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

மலையகத்தில் இந்தச் சட்டத்துக்கு ஏன் கூடுதல் கனம்

கொழும்பில் வசதியான ஒரு குடும்பம் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினால் அது ஒரு தெரிவு. தேயிலைத் தோட்டத்தில் அப்படி நிறுத்தப்படும் பிள்ளையை யாரும் அந்தக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். காரணம் வரலாற்றில் இருக்கிறது.

இலவசக் கல்வி 1945இல் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பலனுக்கு வெளியே நின்றன. அவை தோட்ட நிர்வாகத்தின் கையில், பெரும்பாலும் ஒரே அறையும் ஓர் ஆசிரியருமாக நடந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களையே நாடற்றவர்களாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே அந்தப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அதாவது இன்று பேரப்பிள்ளையைத் தரம் 1இல் சேர்க்கும் பாட்டிமார் பலர், தாங்கள் சிறுமியாக இருந்தபோது முழுமையான அரச பாடசாலையைக் கண்டதே இல்லை. இவ்வளவு பிந்திக் கிடைத்த ஒன்றை அவசரப்பட்டு உதறுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

இதைவிடக் கசப்பான காரணம் ஒன்றும் உண்டு. தோட்டப் பகுதிகளிலிருந்து சிறுவர் சிறுமியர் கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட வரலாறு இன்னும் பழங்கதையாகவில்லை. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்ததே 2021இல்தான். கட்டாயக் கல்வி வயதும் வேலை வயதும் இப்போது 16 என்ற ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. இடையில் சந்து இல்லை. வீட்டில் மகிழ்ச்சியாகப் படிக்கும் பிள்ளையும், யாரோ ஒருவரின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பிள்ளையும் வரவு இடாப்பில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்: 'சமூகமளிக்கவில்லை'. பதிவும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் முழு வீட்டுக்கல்வியை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்த இடாப்பை ஒரு தடவை மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு, 1980 முதல் கிடைக்கும் இலவசப் பாடநூலும், 1993 முதல் கிடைக்கும் சீருடையும், பல ஆரம்பப் பாடசாலைகளில் வழங்கப்படும் உணவும் பாடசாலைப் பதிவோடு ஒட்டியவை. புலமைப்பரிசில் பரீட்சைக்கான விண்ணப்பமும் பாடசாலை வழியாகத்தான் போகிறது.

வாசிப்பு எப்படி நடக்கிறது?

விட்டுவிட வேண்டியதைச் சொல்லியாயிற்று. எடுத்துக்கொள்ள வேண்டியதில் முதலிடம் வாசிப்புக்கு. இதில்தான் வீடு செய்யக்கூடியது மிக அதிகம், பெற்றோர் தவறாக விளங்கிக்கொள்வதும் அதிகம்.

வாசிப்பை ஆராய்ந்த காஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் ஒரு எளிய சூத்திரத்தை முன்வைத்தார்கள். வாசித்து விளங்குதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் சொல் விளங்காவிட்டால் விடை பூச்சியம். கதை கேட்டால் எல்லாம் விளங்கியும் எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் பூச்சியமே.

முதல் திறன் தமிழில் ஓரளவு ஒழுங்கானது. 12 உயிர், 18 மெய், அவை சேர்ந்த 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் உயிர்க்குறிகளின் போக்கு பிடிபட்டுவிட்டால் பிள்ளை வேகமாக முன்னேறும். 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே க மூன்று விதமாக ஒலிப்பது போன்ற இடங்களில் கொஞ்சம் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். இதைப் பாடசாலை செய்கிறது. வீடு இதில் தலையைக் கொடுத்து, நான்கு வயதுப் பிள்ளையை அரிச்சுவடியோடு மல்லுக்கட்ட வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது திறனில்தான் தமிழ்ப் பிள்ளைக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் கேட்கும் தமிழும் புத்தகத்தில் இருக்கும் தமிழும் ஒன்றல்ல. 'வந்திருச்சு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தரம் 1இல் 'வந்துவிட்டது' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடிக்கும்போது, தான் வாசித்தது தனக்குத் தெரிந்த சொல்தான் என்பதையே உணர்வதில்லை. எழுத்தும் புதிது, மொழியும் புதிது என்ற இரட்டைச் சுமை. பல பிள்ளைகளுக்கு 'வாசிப்புப் பிடிக்காது' என்று முத்திரை குத்தப்படுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு மருந்து, பிள்ளை வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே யாராவது அதற்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவது. மூன்று வயதிலிருந்து நாளுக்கு ஒரு சிறு கதை கேட்டாலே போதும், எழுத்துத் தமிழ் பிள்ளையின் காதுக்குள் குடியேறிவிடும். வாசிப்பவர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. தரம் 6 படிக்கும் அக்கா தம்பிக்கு வாசித்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் பலன்.

வாசித்துக் காட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. பீலிக்கரையில் உட்கார்ந்திருக்கும் தவளையைப் பற்றிய ஒரு படக்கதை என்று வைத்துக்கொள்வோம். "தவளை என்ன நிறம்?" என்று அம்மா கேட்டால் பிள்ளை "பச்சை" என்று சொல்லும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "தவளை ஏன் தண்ணீருக்குள் குதிக்காமல் இருக்கிறது, மகன்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் கதை மாறும்.

"அதற்குக் குளிர்."

"குளிரா? நமக்குக் குளிர்ந்தால் கம்பளி போர்த்திக்கொள்வோம். தவளை என்ன செய்யும்?"

"பாறைக்குக் கீழே போகும். நான் பார்த்தேன், அப்பாயி துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே ஒன்று இருந்தது."

இந்தப் பிள்ளை காரணம் தேடியது, ஒப்பிட்டது, தான் கண்டதைச் சாட்சிக்கு அழைத்தது. வாசிப்பு ஆராய்ச்சியில் இதை 'உரையாடல் வாசிப்பு' என்கிறார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து காட்டிய முறை இது. செலவு எதுவும் இல்லை. கேள்வி கேட்டபின் பதிலுக்காகச் சில விநாடி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பெரியவர்களுக்குச் சிரமம்.

புத்தகத்துக்கு எங்கே போவது? நகரசபை, பிரதேச சபை நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அப்போது நூலகங்களில் சிறுவர் நிகழ்ச்சிகளும் நடக்கும். கைத்தொலைபேசி இருந்தால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரத்துப் பாடநூல்களையும் இலவசமாக எடுக்கலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் ஒரு பெரும் களஞ்சியம். தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாத நாளிலும் வாசிக்கலாம்.

லயத்து வீட்டில் நேரமும் இடமும்

காணொளிக் குடும்பத்தின் வாசிப்பு அறையைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், தேடக்கூடாது. பக்கத்துக் காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தம் தட்டி வழியாக வரும். அம்மா காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனால் அந்தியில்தான் வருவார், வந்ததும் அடுப்படி. இந்த நிலையில் 'தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு செலவிடுங்கள்' என்று அறிவுரை சொல்வது கேலிக்கு ஒப்பானது.

நடைமுறையில் சாத்தியமானவை வேறு. இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெளிச்சம் நன்றாக விழும் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஒரு பாயும், மழைச்சாரல் படாத மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நான்கைந்து புத்தகமும். மலையக ஈரத்தில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும், டின் அதற்காகத்தான். பகலில் சிறு பிள்ளைகள் இருப்பது பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில். அங்குள்ள பொறுப்பாளரிடம் பேசி நாளுக்கு ஒரு கதை வாசிக்கச் செய்தால் ஒரே கல்லில் இருபது மாங்காய். தனி வீட்டுக்குள் ஒரு தாய் மட்டும் போராடும் வெளிநாட்டு முறையைவிட, லயத்தின் பத்து வீட்டுப் பிள்ளைகளை ஒரு இஸ்தோப்பில் கூட்டும் முறை நமக்கு இயல்பாக வரும். இந்த விடயத்தில் லயம் அவர்களைவிட வசதியானது என்றே சொல்வேன்.

கையெட்டும் தூரத்தில் உள்ள பாடங்கள்

வீட்டுக்கல்விக்காரர்கள் 'வாழ்க்கையிலிருந்து கற்றல்' என்று சொல்லி, கடையில் விலை கொடுத்துப் பொருள் வாங்கிவந்து செய்வதைத் தோட்டத்தில் சும்மாவே செய்யலாம்.

1. சம்பளத் துண்டு. தரம் 6க்கு மேற்பட்ட பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த கணிதப் பயிற்சி கிடையாது. 2024இல் நிர்ணயிக்கப்பட்டிருந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், அதாவது 108 ரூபாய். தொழில் தருநர் போட வேண்டியது 12 வீதம், 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தரும் 3 வீதம், 40 ரூபாய் 50 சதம். 25 நாள் பேர் விழுந்தால் (வேலை பதிவானால்) அம்மாவின் பங்கு மட்டும் 2700 ரூபாய். அம்மாவின் இப்போதைய நாட்சம்பளத்துக்கும் இதே கணக்கைப் போட்டு, துண்டில் உள்ள தொகையோடு பிள்ளையே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சதவீதம் விளங்கும். உழைப்பின் கணக்கும் விளங்கும். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) எடைபோட்ட கொழுந்தின் கிலோவும் கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்த கிலோவும் எழுதி வைத்தால் கழித்தலும் சராசரியும் வரும். அந்தப் புத்தகம் பிள்ளையின் பயிற்சிக் கொப்பி மட்டுமல்ல, குடும்பத்துக்குப் பயன்படும் பதிவேடும் ஆகும்.

2. மழை. ஒரு ஜாம் போத்தல், ஒரு அடிமட்டம், ஒரு கொப்பி. பக்கவாட்டு நேரான போத்தலாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே மாதங்களில் மலையின் மறுபக்கமான பதுளை, பண்டாரவளை காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போதுதான் ஊவாவுக்கு நல்ல மழை. மஸ்கெலியாவில் இருக்கும் பிள்ளையும் பதுளையில் இருக்கும் மாமா மகளும் வாரம் ஒருமுறை அளவைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டால், மலை மழையை எப்படி மறிக்கிறது என்பதைச் சுற்றாடல் பாடம் தொடும் முன்பே இருவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மண்சரிவு எச்சரிக்கை வரும் நாட்களில் அந்த எண்களின் பொருளும் புரியும்.

3. பாட்டும் கூத்தும். மாசி மாதத்துக் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவை தோட்டத்து மக்களே ஆடி, பாடி, தப்படித்துக் காத்தவை. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் பாட்டிமாரின் நினைவில் இன்னும் இருக்கின்றன. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்ததைச் சிறு அளவில் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். அப்பாயி பாடப்பாடக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து, கேட்டுக்கேட்டு எழுதி, விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் அவரிடம் கேட்ட விளக்கத்தைக் குறிக்கட்டும். எழுத்துப் பயிற்சி, கேட்டல், வரலாறு மூன்றும் ஒரே கொப்பியில் சேர்ந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டின் முதல் ஆசிரியராகிவிடுவார்.

படைப்பாற்றல் என்றால் வண்ணத்தாள் ஒட்டுவதா?

இல்லை. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்ற முடிவு பிள்ளையின் கையில் இருந்தால் அது படைப்பு. பெரியவர் வெட்டிக் கொடுத்த தாளைக் காட்டிய இடத்தில் ஒட்டுவது கைப்பயிற்சி மட்டுமே. களிமண், உரச்சாக்கு, பைன் காய், பழைய கம்பி கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். குளவிக் கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகக்கூடாது என்பது போன்ற எச்சரிக்கை மட்டும் போதும். செய்து முடித்ததைப் பார்த்து "அழகு" என்று சொல்லிக் கடந்துபோவதைவிட, "இந்தச் சக்கரத்தை ஏன் இப்படிப் பொருத்தினாய்?" என்று கேட்பது மேல்.

புலமைப்பரிசில் ஆண்டில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்பார்கள். அந்தப் பரீட்சையில் வாசித்து விளங்கி யோசிக்க வேண்டிய வினாக்கள் நிறைய வருகின்றன என்பதை மட்டும் சொல்லலாம். டியூஷனை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பைக் குறைத்து அந்த நேரத்தை வாசிப்புக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

உண்மையிலேயே வேறு வழி இல்லாதவர்களுக்கு

நீண்டகால நோய், பக்கத்துப் பாடசாலையில் வசதி இல்லாத மாற்றுத்திறன், மண்சரிவால் இடம்பெயர்வு என்று சில குடும்பங்களுக்குப் பாடசாலை தற்காலிகமாகவோ முழுமையாகவோ எட்டாமல் போகலாம். அவர்களைக் குறிவைத்து 'வெளிநாட்டுப் பாடத்திட்ட வீட்டுக்கல்வி' என்று பொதி விற்பவர்களும் வரக்கூடும். பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில:

1. பாடசாலை இடாப்பில் பிள்ளையின் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் அதிபரிடம் கேளுங்கள். மருத்துவச் சான்றிதழோடு கேட்டால் வழி பிறக்கலாம்.

2. பாடமொழி எது? தமிழில் படித்த பிள்ளையைத் தரம் 7இல் திடீரென்று முழு ஆங்கிலத்துக்குத் தள்ளினால், மேலே சொன்ன பெருக்கல் கணக்கில் இரண்டாவது எண் சரிந்துவிடும்.

3. முடிவில் எந்தப் பரீட்சை? க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற முடியும். ஆனால் விண்ணப்பம், கட்டணம், முடிவுத் திகதி எல்லாவற்றையும் அதிபருக்குப் பதிலாகப் பெற்றோரே கவனிக்க வேண்டும்.

4. தேசிய அடையாள அட்டை. பாடசாலை மாணவருக்கு அதிபர் வழியாக விண்ணப்பம் போகும். பாடசாலையில் இல்லாத பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தரின் அல்லது தோட்ட அதிகாரியின் உறுதிப்படுத்தல் தேவை. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டங்களில் பெயரெழுத்து மாறிய, திகதி பிழைத்த பிறப்புச் சான்றிதழ்கள் இன்னும் உண்டு. திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கக்கூடியது. எனவே பரீட்சை ஆண்டு வரும்வரை காத்திராமல் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.